நடைபாதையில் விழுந்தவர் யாரிடம் கேட்பது?

சாலையோரம் நடந்து போகிறவரை ஒரு வாகனம் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால், இடித்தது யாரென்றே தெரியாவிட்டாலும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் தர 2022 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. வாகனம் அகப்பட்டால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதே மனிதர் அதே இடத்தில் பெயர்ந்து கிடக்கும் சிலாப்பில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் நிலைமை வேறு. அந்தப் பாதையைப் பராமரிக்க வேண்டியது யார் என்பதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவருக்கென்று தீர்ப்பாயம் இல்லை, விண்ணப்பப் படிவமும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இரண்டுமே, கட்டுப் போட்ட காலோடு ஒருவர் நடந்து கடக்கக்கூடிய தூரமல்ல. இழப்பீடு கேட்கும் உரிமையைச் சட்டம் ஏற்கெனவே தந்துவிட்டது. அதை வாங்கும் எளிய வழியைத்தான் அரசு இன்னும் அமைக்கவில்லை.

உரிமை உண்டு என்பதற்கு ஆதாரம் பழையது. டெல்லி சாந்தினி சௌக்கில் நகராட்சியின் மணிக்கூண்டு 1951-ல் இடிந்து விழுந்து சிலர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது 80. பயன்படுத்தியிருந்த காரையைக் கொண்டு பார்த்தால் அதன் மேல்தளத்தின் ஆயுளோ 40, 45 ஆண்டுகள்தான். பழுது வெளியே தெரியவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1966-ல் ஏற்கவில்லை. பொதுவழியை ஒட்டிய கட்டுமானத்தை ஆபத்தின்றி வைத்திருப்பது உடைமையாளரின் கடமை என்றது. 2025 மே மாதம், கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது: இந்தியச் சாலை மாமன்றத்தின் வழிகாட்டுதல் குறைந்தது 1.8 மீட்டர் தெளிவான அகலம் கேட்கிறது, உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊர் நடைபாதைகளில் ஏறி இறங்கும் முதியவர்களின் முழங்காலுக்குத் தெரியும், இது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று.

‘பார்த்து நடக்கக் கூடாதா?’ என்பது முதல் மறுப்பு. அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. விழுந்தவரின் கவனக்குறைவு எவ்வளவோ அந்த அளவுக்குத் தொகை குறையும். கோரிக்கையே அற்றுப்போகாது. மேலும், எதிரே வரும் பைக்கைப் பார்ப்பதா, காலடியைப் பார்ப்பதா என்ற நிலையில் மக்களை வைத்துவிட்டு இப்படிக் கேட்பது நியாயமாகப் படவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது: ஒவ்வொரு கல்லையும் மாநகராட்சி காவல் காக்க முடியுமா? ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997-ல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்க மறுத்தது உண்மை. ஆனால் மரம் எப்போது சாயும் என்று முன்கூட்டி அறிவது கடினம். மூடியில்லாத மேன்ஹோல் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. இங்கிலாந்தில் 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. நியாயமான கவனம் எடுத்தோம் என்று நிரூபித்தால் சாலை நிர்வாகம் தப்பலாம். அதற்கு, முறையாகச் சோதித்துப் பழுது நீக்கியதற்கான பதிவேடுகளை அது காட்டியாக வேண்டும்.

இன்றைய நிலையில் வழக்கு சாட்சியத்தில்தான் நிற்கும். விழுந்த இடம் மறுநாளே சிமென்ட் பூசி மூடப்படலாம். ஆகவே அன்றே, பள்ளத்தின் ஆழம் தெரியும்படி ஓர் அளவுகோலோ செருப்போ பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கே, எதில் இடறி என்பதும் வர வேண்டும். அதே இடத்தைப் பற்றி முன்பே புகார் வந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற வாதம் அடிபடும். அரசுத் துறை மீது வழக்கென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. காலவரையறைச் சட்ட அட்டவணையின் 72-வது உறுப்பு ஓராண்டையே தருகிறது. எதிர்த்தரப்பு அதைக் காட்டும் என்று எண்ணி, ஓராண்டுக்குள் வழக்கைப் பதிவது நல்லது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும்.

இத்தனையும் ஒரு சிலாப்புக்காகவா என்று கேட்கத் தோன்றும். மும்பை உயர் நீதிமன்றத்துக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். சாலைக் குழியாலோ திறந்த மேன்ஹோலாலோ இறந்தால் 6 லட்சம், காயமென்றால் 50,000 முதல் 2.5 லட்சம் வரை, குழுவிடம் மனு கொடுத்து 6 முதல் 8 வாரத்தில் பெறலாம் என்று 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தமிழ்நாடு நீதிமன்றம் சொல்லக் காத்திராமல் அரசாணையாலேயே இதைச் செய்யலாம். வரிப்பணம் வீணாகுமே என்பார்கள். பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தவிர, கொடுத்த தொகையைத் தவறு செய்த ஒப்பந்ததாரரிடமிருந்தும் அதிகாரியிடமிருந்தும் வசூலிக்கவும் மும்பை உத்தரவில் வழி இருக்கிறது. எந்தத் தெருவை யார் கேபிளுக்காகத் தோண்டினார், எந்தத் தேதியில் மூடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் சாலை வெட்டு அனுமதிக் கோப்பில் இருக்க வேண்டிய விவரங்கள்தாமே.