அடைத்தும் அடையாத கலம்

ஆரணிப் பட்டுச் சேலையைக் கையிலெடுத்துப் பார்ப்பவர் அதன் ஜரிகையையும் கரையையும் நெய்தவரின் நிதானத்தையும் மெச்சுவர்; அந்தச் சேலை தறியில் ஏறியிருந்த நாட்களில், மின்சாரம் நின்ற வேளையிலும் விளக்கை எரியச் செய்து, துளையிட்ட அட்டைகளுக்குப் பதிலாகக் கணினியின் ஆணைப்படி பாவு நூல்களைத் தூக்கித் தரும் புதுவகை ஜக்கார்டு பாதிக் கொடியில் நின்றுபோகாமல் காத்துக்கொண்டு, தறிவீட்டின் ஒரு மூலையில் ஈயமும் திராவகமும் நிறைந்த கனத்த பெட்டியொன்று இருந்திருக்கக்கூடும் என்பதை நினைப்பவர் மிகச் சிலர். 2008-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வருத்திய மின்வெட்டு, அதிலும் 2012-இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் நீடித்த இருள், இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் சாதாரணக் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களாகவே ஆக்கிவிட்டது. அப்பெட்டியினுள் நிகழும் ரசாயனத்தைப் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். அதன் மேல்மூடியைப் பற்றி எந்தப் பாடமும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆயினும், அப்பெட்டியின் பாகங்கள் யாவற்றிலும் மனித புத்தி மிகுதியாகச் செலவானது அந்த மூடியில்தான் என்பது என் துணிபு.

சங்கடம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் காண வேண்டும். ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி மின்சாரம் ஏற்றுகையில், ஒவ்வொரு கலத்தின் அழுத்தமும் சுமார் 2.4 வோல்ட்டை எட்டியதும், உள்ளே செல்லும் மின்சாரம் தகடுகளை மாற்றும் வேலையை விட்டுத் திராவகத்திலுள்ள நீரைப் பிளக்கத் தொடங்குகிறது. அவ்வாறு வீணாகும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஒரு கலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம் நீர் அழிந்து, நம் ஊர் வெப்பத்தில் 0.45 லிட்டர் ஹைட்ரஜனும் அதில் பாதியளவு பிராணவாயுவும் எழுகின்றன. இவ்வாயுக்களை அடைத்து வைத்தால் பாத்திரம் வெடிக்கும். திறந்து விட்டால் திராவகம் சிந்தும், தூசி விழும், நீர் ஆவியாகும், குமிழிகள் தெறிக்கும் அமிலத் துளிகள் சுற்றிலுமுள்ள பொருள்களை அரிக்கும். ஆகவே, திரவத்துக்கு மூடியதாகவும் வாயுவுக்குத் திறந்ததாகவும் இருக்கும் ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது.

1859-இல் பிரான்ஸ் தேசத்து கஸ்தோன் பிளாந்தே முதன்முதலாக இத்தகைய கலத்தை அமைத்தபோது இக்கவலை பெரிதாக எழவில்லை. சுருட்டிய ஈயத் தகடுகள் கண்ணாடி ஜாடியொன்றில் நின்றன, ஜாடியும் பரிசோதனைச் சாலையை விட்டு நகரவில்லை. காமிய் ஃபோர் என்பவர் தகடுகளின் மேல் ஈயக் கூட்டுப் பொருளைப் பசையாக அப்பிக் கலத்தின் கொள்திறனை வெகுவாக உயர்த்தியதும் நிலைமை மாறியது. 1881-ஆம் ஆண்டு, மின்சாரம் ஏற்றப்பட்ட ஃபோர் கலங்கள் ஒரு மரப்பெட்டியில் பாரிஸிலிருந்து புறப்பட்டு, எழுபத்திரண்டு மணி நேரம் பிரயாணம் செய்து, கிளாஸ்கோவில் வில்லியம் தாம்ஸன் என்னும் பேராசிரியரை, பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவரை, சக்தி குன்றாமல் சென்றடைந்தன. மின்சாரம் பெட்டியில் பிரயாணம் போகலாம் என்று அன்று நிரூபணமாயிற்று. பிரயாணம் போகும் பாத்திரத்துக்கு மூடி இன்றியமையாதது.

மின் நிலையங்களில் நிலையாக நிறுத்தப்பட்ட பெரிய கலங்களுக்கு உட்புறம் ஈயத்தகடு போர்த்திய தேக்குமரத் தொட்டிகளும், கண்ணாடி ஜாடிகளும் வெகுகாலம் போதுமானவையாக இருந்தன. தெறிக்கும் துளிகளைத் தடுக்க மேலே ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வைப்பதோடு காரியம் முடிந்தது. வண்டிகளிலும், மின்சாரம் எட்டாத ஊர்களின் வால்வு ரேடியோக்களிலும் பயன்பட வேண்டிய கலங்களுக்கு அது உதவாது. ரப்பரைக் கந்தகத்தோடு மிகுதியாகச் சேர்த்துச் சுட்டெடுக்கும் எபோனைட் என்னும் கருங்கடின ரப்பர் அவ்விடத்தில் கைகொடுத்தது. திராவகம் அதைத் தீண்டுவதில்லை. மின்சாரமும் அதனூடே செல்லாது. எபோனைட் பாத்திரத்தின் வாயில் எபோனைட் மூடியைப் பொருத்தி, இரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் உருக்கிய கீலை, அதாவது தார் போன்ற பிசினை, வார்த்து அடைப்பதே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் வழக்கமாயிருந்தது.

கேட்பதற்கு எளிய இவ்வேலையில் மூன்று நுட்பமான இடர்கள் ஒளிந்திருந்தன. கீல் குளிர்ந்த தேசங்களில் விறைத்து வெடிப்பு விடும், சித்திரை வெயிலில் இளகி வழியும். ஆதலால், வட ஐரோப்பாவில் குறையின்றி நின்ற அடைப்பு வேலூர்ப் பக்கத்து வெயிலில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது, உஷ்ணப் பிரதேசத்துக்கென்றே மேலான இளகுநிலை உடைய கலவை வேண்டும். இரண்டாவது, மூடியைத் துளைத்து வெளியே வரும் ஈயக் கம்பத்தின் வழியே திராவகம் மெல்ல மேலேறி வெளிவந்து, இணைப்புகளில் வெண்மையும் பச்சையுமான உப்பாகப் பூத்துவிடும். இதற்காக மூடியிலேயே ஓர் ஈய வளையத்தைப் பதித்து, கம்பத்தையும் வளையத்தையும் ஒன்றாக உருக்கி இணைத்தனர். வேறு சிலர் ரப்பர் வளையத்தால் இறுக்கினர். மூன்றாவது இடரே எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக அரிக்கப்பட்டு ஈய டை-ஆக்ஸைடாக மாறுகையில், அப்புதுப்பொருள் பழைய ஈயத்தை விட அதிக இடத்தைக் கேட்பதால், தகடு வளர்கிறது. வளர்ந்த தகடு கம்பத்தை மேலே தள்ள, கம்பம் மூடியை நெம்பிப் பிளக்கிறது. கலத்தை வடிவமைப்பவர் இன்றைக்கு உள்ள அளவுக்கு மட்டுமன்றி, பத்தாண்டு கழித்து வளர்ந்திருக்கப்போகும் தகட்டின் அளவுக்கும் இடம் விட்டாக வேண்டும்.

இனி, அந்த மூடியின் நடுவே திருகி வைக்கும் சிறு அடைப்பானுக்கு வருவோம். அதில் நேராக ஒரு துளையிட்டுவிட்டால் வாயு வெளியேறும். கூடவே திராவகமும் வரும், ஏனெனில் திரவத்தின் மேற்பரப்பில் உடையும் ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குப் புலனாகாத துளிகளை மேலே வீசுகிறது. எனவே, துளைக்குக் கீழே வளைந்து நெளிந்த பாதையொன்றை அமைத்து, வாயு வளைந்து செல்லும்போது, வளைய இயலாத கனத்த துளிகள் சுவரில் மோதி ஒட்டி, சேர்ந்து, திரும்பவும் கலத்துக்குள்ளேயே சொட்டும்படி செய்தனர். மின்னேற்றம் முடியும் தறுவாயில் கலத்தின் மேற்புறத்து வெற்றிடம் முழுவதும் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில், அதாவது மிகக் கடுமையாக வெடிக்கும் விகிதத்திலேயே நிரம்பியிருக்கிறது; வெளியே ஒரு தீப்பொறி விழுந்தால் சுடர் துளை வழியே உள்ளே புகுந்துவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலையைப் போர்த்தி, சுடரின் உஷ்ணத்தை வலை உறிஞ்சுவதால் தீ வெளியே தாவாதபடி தடுத்த அதே தத்துவம் இங்கே மறுபக்கமாகப் பயன்பட்டது: மிக நுண்ணிய துளைகளையுடைய பீங்கான் அல்லது பிளாஸ்டிக் வில்லையொன்றை அடைப்பானில் பொருத்தினால் வாயு கசிந்து வெளிவரும், சுடர் உள்ளே போகாது.

இத்தகைய மூடிக்கு ரயிலிலும் வேலை இருந்தது. ஆரணி நகருக்குள் ரயில் வருவதில்லை. காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள ஆரணி ரோடு நிலையமே ஊருக்கு வாசல். மீட்டர் கேஜ் காலத்தில் அந்நிலையத்தில் இரவில் நின்ற வண்டிகளின் உள்ளே எரிந்த விளக்குகள், பெட்டியின் அடிப்புறத்தில் தொங்கிய மின்கலங்களால் எரிந்தவை. வண்டி ஓடும்போது அச்சோடு பட்டையால் பிணைக்கப்பட்ட டைனமோ கலங்களுக்கு மின்சாரம் ஏற்றும். வண்டி நின்றால் கலங்கள் விளக்கை எரிக்கும். பன்னிரண்டு கலங்கள் சேர்ந்து 24 வோல்ட். தண்டவாள இணைப்புகளின் ஓயாத அதிர்விலும் புழுதியிலும் மழையிலும் திராவகம் சிந்தாமல், ஆனால் வாயு தங்காமல் இருக்கவேண்டிய கட்டாயம் அக்கலங்களுக்கு இருந்தது.

ஈயக் கலத்துக்கு மாற்றாக அமெரிக்காவில் எடிஸன், திராவகத்தையே விட்டுவிட்டு, நிக்கலும் இரும்பும் காரக் கரைசலும் கொண்ட கலத்தை நிக்கல் பூசிய எஃகுப் பாத்திரத்தில் அமைத்தார். இங்கே மூடிக்கு இன்னொரு கடமையும் சேர்ந்தது: காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கெட்டுப்போகும் ஆகையால், உள்வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வரலாகாது, அதற்கெனத் தானே மூடிக்கொள்ளும் வால்வு வைக்கப்பட்டது. விற்பனைக்கு வந்த முதல் கலங்களின் பாத்திரங்கள் கசிந்தமையால், எடிஸன் உற்பத்தியை நிறுத்தி ஆண்டுக்கணக்கில் திருத்தவேண்டி வந்தது. கலம் நன்றாயிருந்தும் இருக்கும் இடம் அடைபட்டிருந்தால் என்ன நேரும் என்பதை 1916 ஜனவரி 15 அன்று ப்ரூக்ளின் கடற்படைத் தளத்தில் உலகம் கண்டது; எடிஸன் கலங்கள் பொருத்திய இ-2 என்னும் நீர்மூழ்கிக் கப்பலினுள் திரண்ட ஹைட்ரஜன் வெடித்து உள்ளிருந்தோர் சிலர் மாண்டனர்.

காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பற்றும். ஆரணித் தறிவீட்டுக்கு இக்கணக்கை இட்டுப் பார்ப்போம். ஆறு கலங்கள் கொண்ட 150 ஆம்பியர்-மணி பேட்டரி, ஏற்றம் நிறைந்த பின்னும் 5 ஆம்பியர் வாங்கிக்கொண்டிருந்தால், மணிக்கு ஏறக்குறைய 13.5 லிட்டர் ஹைட்ரஜனை விடுகிறது. பத்தடி நீள அகல உயரமுள்ள அறையில் அபாய அளவை எட்ட, ஒரு ஜன்னலும் திறவாமல், மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். அழகுக்காகவோ குழந்தைகளின் கை படாதிருக்கவோ அதே பேட்டரியை 200 லிட்டர் கொள்ளும் மரப்பெட்டிக்குள் வைத்து அடைத்துவிட்டால், அந்த அளவு முப்பத்தாறு நிமிஷங்களில் வந்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடு செய்த பெட்டியே அபாயத்துக்கு இடமாகிறது. பேட்டரியை மூடித்தான் ஆகவேண்டும் என்றால் பெட்டியின் அடியிலும் உச்சியிலும் துளைகள் வேண்டும். ஹைட்ரஜன் காற்றை விட மிக இலேசானது, உச்சித் துளை இல்லாத பெட்டியில் அது மேலேயே தேங்கி நிற்கும்.

பட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நீர் ஆவியாகும், கந்தகத் திராவகம் ஆவியாகாது. ஆகவே, நீர்த்த திராவகத்தின் சிறு துளி துணியில் விழுந்து உலரும்போது, நீர் போய்ப்போய், எஞ்சுவது கடுந்திராவகமே. பேட்டரிக் கடைகளில் வேலை செய்வோரின் பருத்தி வேட்டிகள் பார்வைக்கு முழுதாயிருந்து, துவைத்த மறுகணம் சல்லடையாவது இதனாலேதான். பட்டோ, செறிந்த கனிம அமிலத்தில் கரைந்தே போகும் புரத நூல். மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த பாவும், விலைகொடுத்து வாங்கிய ஜரிகையும் தறியில் ஏறியிருக்க, அதற்கு இரண்டடி தூரத்தில் மூடி சரியாகத் திருகப்படாத பேட்டரி கொதித்துக்கொண்டிருப்பது, நெய்பவருக்குத் தெரியாமலே நிகழும் பெரிய நஷ்டம்.

வாயுவை வெளியேற்றுவதற்குப் பதில், உள்ளேயே திரும்ப நீராக்கிவிடலாகாதா என்னும் கேள்வி விஞ்ஞானிகளை நெடுங்காலம் வாட்டியது. ஏற்றத்தின் முடிவில் நேர்த்தகட்டில் பிராணவாயு முதலில் எழுகிறது; அது எதிர்த்தகட்டைச் சென்றடைய வழி இருந்தால், அங்கேயே ஈயத்தோடு கூடி, பின்னர் நீராக மீண்டுவிடும், ஹைட்ரஜன் எழுவதும் அடங்கும். ஆனால் திரவம் நிறைந்த கலத்தில் பிராணவாயு திரவத்தைக் கடக்கும் முன்பே மேலெழுந்து போய்விடுகிறது. 1957-இல் ஜெர்மனியில் ஓட்டோ யாகே திராவகத்தைக் கூழாக உறையச் செய்தார். கூழில் விழும் நுண் வெடிப்புகள் வாயுவுக்கு வழியாயின. 1970-களில் நுண்கண்ணாடி இழைப் பாயில் திராவகத்தை, முழுவதும் நனையாதபடி, ஊறவைக்கும் முறை வந்தது. அன்டிமனி கலந்த ஈயச் சட்டம் ஹைட்ரஜனைத் தூண்டிவிடும் ஆகையால் கால்சியம் கலந்த ஈயம் அதன் இடத்தைப் பிடித்தது. இவ்வகைப் பேட்டரிகளைக் கடைகளில் 'சீல்டு' என்றே கேட்டு வாங்குகிறார்கள். அவற்றின் மூடிக்கடியிலும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது, உள்ளழுத்தம் வரம்பு மீறினால் திறந்து மீண்டும் மூடிக்கொள்கிறது. முற்றிலும் அடைபட்ட ஈயக் கலம் இன்றுவரை வீட்டுப் பேட்டரியாக விற்பனைக்கு வரவில்லை என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நலம். வாயு நீராக மீளும் செயல் உஷ்ணத்தையும் பிறப்பிக்கிறது. ஏற்கெனவே சூடான ஊரில், காற்றோட்டமற்ற மூலையில், அவ்வுஷ்ணம் வெளியேறாமல் ஏற ஏற, கலம் மேலும் மின்சாரத்தை இழுத்து, மேலும் சூடேறி, வால்வு அடிக்கடி திறந்து, திரும்ப ஊற்ற வழியில்லாத நீரை இழந்து உலர்ந்துபோகிறது.

இவ்வித்தைக்குரிய விஞ்ஞானம் நம்மிடம் இல்லாமலில்லை. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 ஜனவரி 14 முதல் மின்கலங்களையும் உலோக அரிமானத்தையும் ஆராய்ந்துவருகிறது. அத்தகைய நிலையத்தின் அறிவு, தறிக்காரர் படிக்கத்தக்க நான்கு பக்கத் தமிழ்ப் பிரசுரமாக ஆரணித் தெருக்களுக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

அப்பிரசுரத்தில் இடம்பெற வேண்டியவை அதிகமில்லை. பேட்டரி தறிக்கும் நூல் அலமாரிக்கும் எதிர்மூலையில், ஜன்னலையொட்டி இருக்கட்டும். திராவகம் தெறிக்கிறதே என்று அடைப்பானின் துளையை மெழுகாலோ ஒட்டுநாடாவாலோ அடைக்கக்கூடாது. துளையில் உப்போ தூசியோ படிந்திருந்தால் அடைப்பானைக் கழற்றி வெந்நீரில் அலசி, உலர்த்தித் திருக வேண்டும். திரவ மட்டம் காட்டும் மிதவை தாழ்ந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும், திராவகம் கூடாது, ஏனெனில் வாயுவாய்ப் போனது நீர்தான். தகடுகள் வெளியே தெரியுமளவு வற்றியிருந்தால் அவை மூழ்குமளவுக்கு மட்டும் உடனே ஊற்றிவிட்டு, மீதியை ஏற்றம் முழுமையாக முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். ஏறும்போது திரவம் விரிந்தும், குமிழிகளால் பொங்கியும் உயரும் ஆகையால், முன்னதாகவே விளிம்புவரை நிரப்பிய கலம் அந்தச் சிறு துளை வழியே திராவகத்தைக் கக்கிவிடும்.