படியெடுப்புக் காரணிகள்: உயிரணுவின் இயல்பும் நோயும் – தலசீமியாவை முன்வைத்து

ஒருவருடைய கல்லீரல் உயிரணுவிலும் நரம்பு உயிரணுவிலும் அமைந்துள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. புரதங்களுக்கான ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இரண்டிலும் உள்ளன. எனினும், ஒன்று பித்தநீரைச் சுரக்கிறது. மற்றொன்று மின்துடிப்பைக் கடத்துகிறது. அம்மரபணுக்களுள் எவை, எப்போது, எந்த அளவில் படியெடுக்கப்படுகின்றன என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். அதனை நெறிப்படுத்தும் புரதங்கள் படியெடுப்புக் காரணிகள் எனப்படும். மனித உடலில் இவை ஏறத்தாழ 1,600 வகைப்படும். அவற்றுள் ஒன்றன் செயற்பாட்டினை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

படியெடுத்தல் என்னும் சொல் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. சுவடியைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதுவதை நாம் அவ்வாறே வழங்கி வருகிறோம். அவ்வொப்புமை இங்கும் ஓரளவு பொருந்தும். டி.என்.ஏ. மூல ஏடு, ஆர்.என்.ஏ. அதன் படி; ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி படியெடுப்பவர். படியெடுப்புக் காரணியோ எந்த ஏட்டைப் பிரிப்பது, எதனைக் கட்டியே வைப்பது எனப் பணிப்பவர். இவ்விருவரையும் ஒருவரெனக் கொண்டால் பின்வருவன விளங்கா. காரணி டி.என்.ஏ.வில் ஒரு குறுகிய எழுத்துத் தொடரை இனங்கண்டு பற்றுகிறது. பற்றியபின் அருகிலோ தொலைவிலோ உள்ள மரபணுவைத் தூண்டும் அல்லது அடக்கும். அடக்கும் மூலக்கூறுகள் உண்டென்பதைப் பாக்டீரியா ஆய்வின்வழி 1961இல் முன்வைத்தவர்கள் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவர்.

கருவிலிருக்கும் குழந்தையின் குருதியில் கருநிலை ஈமோகுளோபின் மிகுந்திருக்கும். அது இரண்டு ஆல்பா, இரண்டு காமா புரதத் தொடர்களால் ஆனது. தாயின் குருதியிலிருந்து உயிர்வளியைப் பெறுவதற்கு ஏற்றது. பிறப்பையொட்டிக் காமா மரபணுக்கள் அடங்க, பீட்டா மரபணு மேலோங்குகிறது. வளர்ந்தோரிடம் கருநிலை ஈமோகுளோபின் பொதுவாக 1 விழுக்காட்டிற்கும் குறைவே. காமா மரபணுக்களை அடக்கும் காரணிகளுள் முதன்மையானது பி.சி.எல்.11ஏ என்பது 2008இல் தெளிவாயிற்று. காமா மரபணுவின் முகப்பிலுள்ள ஆறெழுத்துத் தொடரொன்றை அது பற்றிக்கொள்கிறது.

நலமுள்ள குழந்தைக்கு இதனால் யாதொரு குறையுமில்லை. பீட்டா தலசீமியாவுடன் பிறந்த குழந்தையின் நிலை வேறு. அதன் பீட்டா மரபணுக்கள் இரண்டும் பழுதுற்றவை. காமா மரபணுக்களோ பழுதற்றவை. காரணி தன் கடமையை வழுவாது ஆற்றி, பழுதற்றவற்றை அடக்கிவிடுகிறது! ஆதலால்தான் பிறந்தபோது நலமாகத் தோன்றிய குழந்தை, சில மாதங்களுக்குப் பின் சோகையுற்று, வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை ஏற்கும் நிலைக்கு ஆளாகிறது. கருநிலை ஈமோகுளோபின் குறையாமலிருக்கும் மரபியல்பையும் உடன்பெற்ற சிலரிடம் இந்நோய் தணிந்தே காணப்படுகிறது. ஆய்வாளர்க்கு வழிகாட்டியது இவ்வுண்மையே.

காரணியே பழுதுற்று நோய் விளைவதும் உண்டு; அதுவே பெரிதும் பேசப்படுவது. மனிதப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் பி53 என்னும் காரணி சிதைந்துள்ளது. அச்சிதைவுகளுட் பல, அக்காரணி டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியிலேயே நேர்கின்றன.

பி.சி.எல்.11ஏ காரணியை முற்றாக நீக்கிவிடலாகாதா என்னும் வினா எழலாம். மூளை வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் உருவாதற்கும் அதுவே வேண்டப்படுகிறது. அம்மரபணுவின் இரு படிகளுள் ஒன்று செயலிழந்தாலும் அறிவுத்திறன் வளர்ச்சி குன்றுகிறது. இதற்கு விடையாக அமைந்தது 2013இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. இம்மரபணுவைச் சிவப்பணு மரபில் மட்டும் தூண்டும் டி.என்.ஏ. பகுதி ஒன்று உளதென அது காட்டியது. அங்கே வந்து பற்றுவது காட்டா1 என்னும் மற்றொரு காரணி. காரணியை ஆளவும் ஒரு காரணி! நோயாளியின் குருதிக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, காட்டா1 பற்றும் இடத்தைக் கிறிஸ்பர் கருவியால் வெட்டிச் சிதைத்துத் திரும்பச் செலுத்தினால், சிவப்பணு மரபில் மட்டும் அடக்குமுறை தளர்ந்து, காமா மரபணுக்கள் மீண்டும் செயற்படுகின்றன. காஸ்ஜெவி எனப்படும் இச்சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவில் இதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். குருத்தணுக்களைத் திரும்பச் செலுத்துமுன் எலும்பு மச்சையை வெறுமையாக்கும் கடுமையான மருந்தும் தரப்பட வேண்டும்; அது மகப்பேற்றுத் திறனைப் பாதிக்கக்கூடும்.

இச்சிகிச்சை பீட்டா மரபணுவின் பழுதைத் தொடுவதே இல்லை. குருதி மரபில் செய்யப்படும் மாற்றம் இனப்பெருக்க உயிரணுக்களைச் சென்றடைவதும் இல்லை. ஆகவே, குணமடைந்தவரின் பிள்ளைகள் யாவரும் பழுதுற்ற பீட்டா மரபணு ஒன்றை ஏற்றே பிறப்பர். அவர்களுக்கு நோய் வருமா என்பது வாழ்க்கைத்துணையும் அத்தகைய மரபணுவை உடையவரா என்பதைப் பொறுத்தது. மலேசியப் பள்ளிகளில் 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களிடையே மேற்கொள்ளப்பட்டு வரும் தலசீமியாப் பரிசோதனை கண்டறிய முற்படுவது இதனையே.