வீட்டில் காணும் சுவடுகளும் அவற்றை விடுக்கும் சிற்றுயிர்களும்

காட்டில் திரிவோர், அடிச்சுவட்டையும் எச்சத்தையும் கொண்டே இன்ன விலங்கு அவ்வழியே சென்றது என்று அறிவர். நம் வீட்டினுள்ளும் இத்தகைய சுவடுகள் பல உண்டு. கதவு நிலையின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள், சுவரின்மீது ஒரு மண்கோடு, அலமாரியில் சில கரிய மணிகள், பழைய பத்திரத்தில் ஒரு துளை ஆகியவற்றை நாம் அடிக்கடி காண்கிறோம். இவற்றை விடுத்த உயிர்களோ பெரும்பாலும் இருளில் நடமாடுபவை. அல்லது மரத்தினுள்ளும் மண்ணினுள்ளும் மறைந்து வாழ்பவை. ஆதலால் உயிரைக் காண்பதற்கு முன்னர் அதன் சுவடே நம் கண்ணிற்படுகிறது.

இச்சுவடுகளைப் பிரித்தறிவதனால் விளையும் பயன் பெரிது. மண்ணிலிருந்து ஏறிவரும் கறையானுக்கு உரிய பரிகாரம் வேறு. மரத்திலேயே குடியிருக்கும் கறையானுக்கு உரிய பரிகாரம் வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால் பணம் வீணாகும், மரமும் அழியும், நஞ்சு மட்டும் வீட்டில் தங்கும். தீங்கற்ற உயிரின் சுவட்டைக் கண்டு அஞ்சி மருந்து தெளிப்பதும் இத்தகைய தவறே. எனவே, முதலில் சுவட்டைப் படிக்கக் கற்றல் வேண்டும்.

தரையில் விழும் தூள்

மரச் சாமானின் கீழே தூள் கிடந்தால் அதனைச் சிறிது எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். மணல்போல் நெருடினால் அஃது உலர்மரக் கறையானின் எச்சமாக இருக்கலாம். பூதக் கண்ணாடியால் நோக்கின் ஐயம் அகலும். ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமும், ஆறு பட்டைகளும், மழுங்கிய முனைகளும் கொண்டு ஒரே அளவினதாகத் தோன்றும்.

இவ்வடிவம் தற்செயலாக அமைந்ததன்று. உலர்ந்த மரத்திலேயே வாழும் இக்கறையானுக்கு நீர் கிடைப்பது அரிது. ஆகவே, அதன் பின்குடல் எச்சத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, அதனை இறுகப் பிழிந்தே வெளியேற்றுகிறது. அவ்வாறு பிழியப்படும்பொழுது ஆறு பட்டைகள் பதிகின்றன. வளைகள் நிறைந்ததும் கறையான்கள் ஒரு சிறு துளை வழியாக மணிகளை வெளியே தள்ளுகின்றன. கீழே காணும் குவியல் இதுவே.

தூள் மாவுபோல் மென்மையாக இருந்தால், அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலை எனக் கொள்ளலாம். அருகில் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளைகள் காணப்படும். அத்துளை வண்டு உள்ளே நுழைந்த வாயில் அன்று. புழுப் பருவத்தை மரத்தினுள் கழித்து, வண்டாக மாறி வெளியேறிய வாயில் ஆகும். இப்புழு மரத்திலுள்ள மாவுச்சத்தை நாடுவது. வைரம் பாயாத வெளிப்பகுதியிலும் மூங்கிலிலும் மாவுச்சத்து மிகுதி. மூங்கிலை வெட்டியவுடன் நீரில் ஊறவைக்கும் பழைய வழக்கம் அச்சத்தினைக் குறைப்பதால் பயன் தருகிறது. மரத்தின் நுண்துளைகளிலே முட்டையிடும் வண்டினத்தை வண்ணமோ வார்னிஷோ பூசித் தடுக்கலாம்.

சுவரில் தோன்றும் மண்

அடித்தளத்திலிருந்து மேல்நோக்கிப் பென்சில் பருமனில் ஒரு மண்குழல் ஏறுமாயின் அது நிலக் கறையானின் பாதை. மென்தோலுடைய இவ்வுயிர் உலர்ந்த காற்றைத் தாங்காது. ஆகவே, மண்ணையும் உமிழ்நீரையும் எச்சத்தையும் குழைத்து மூடுபாதை அமைத்து, அதனுள்ளே ஈரத்தைக் காத்துக்கொண்டு மரத்தை அடைகிறது. அதன் குடி மண்ணிலேயே இருத்தலால், கதவுக்கு மட்டும் மருந்து பூசுவது போதாது. அடித்தளத்தைச் சுற்றியுள்ள மண்ணைப் பண்படுத்துதலும், நீர்க்கசிவை நிறுத்துதலும், சுவரோரம் குவிந்த விறகையும் பலகையையும் அகற்றுதலும் இன்றியமையாதவை. உலர்மரக் கறையானுக்கோ மண்ணோடு தொடர்பே இல்லை. அதற்கு மண்ணில் மருந்திட்டுப் பயனில்லை. பாதிக்கப்பட்ட மரத்திற்கே மருந்து செலுத்துதல் அல்லது அம்மரத்தை மாற்றுதல் வேண்டும்.

சுவரிலுள்ள மண் எல்லாம் கறையானின் மண் அன்று. குழலாக நீளாமல், உருண்டையாகவோ அடுக்கடுக்கான அறைகளாகவோ ஓரிடத்தில் ஒட்டியிருந்தால் அது குளவிக் கூடு. பெண்குளவி சேற்றைக் கொணர்ந்து கூட்டைக் கட்டுகிறது. சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து அறைக்குள் அடைக்கிறது. பின்னர் முட்டையிட்டு வாயிலை மூடுகிறது. வேறு சில இனங்கள் சிலந்திக்குப் பதிலாகக் கம்பளிப்புழு போன்றவற்றை அடைக்கின்றன. தனித்து வாழும் இக்குளவிகள் மரத்தைத் தின்பதில்லை; எளிதில் மனிதரைக் கொட்டுவதுமில்லை. கூடு வெறுமையான பின் சுரண்டி எடுத்துவிட்டால் போதும்.

சுவரில் வெள்ளரி விதை போன்ற தட்டையான சாம்பல் நிறப் பொருள் தொங்குவதும், சில வேளைகளில் நகர்வதும் உண்டு. அது கூட்டைச் சுமந்து செல்லும் ஒருவகை அந்துப் பூச்சியின் புழு. தூசியையும் மணலையும் தன் பட்டிழையால் பிணைத்து அது கூடு செய்துகொள்கிறது. சிலந்தி நூலையும் கம்பளி இழையையும் தின்னும் இதனை ஒழிக்க, ஒட்டடை அடித்தலே தக்க வழி.

அலமாரியில் கிடக்கும் எச்சம்

சமையலறையில் காணும் எச்சத்தின் நுனியை நோக்குக. கரிய துண்டின் ஒரு முனையில் வெண்ணிறப் பகுதி இருந்தால் அது பல்லியின் எச்சம். வெண்பகுதி யூரிக் அமிலம் ஆகும். பறவைகளும் பல்லி போன்ற ஊர்வனவும் உடலின் நீரைச் சிக்கனமாகக் காக்கும் பொருட்டுக் கழிவை இவ்வடிவில் வெளியேற்றுகின்றன. வீட்டுப் பல்லிக்கு நஞ்சு கிடையாது. ஆயினும் அதன் எச்சத்தில் வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும். உணவை மூடிவைத்தலே இதற்குப் போதிய காப்பு.

வெண்முனை இன்றி, இருபுறமும் கூர்மையாக 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமுள்ளது சுண்டெலியின் எச்சம். பெரிய எலிகளின் எச்சம் 1 சென்டிமீட்டருக்கும் மேற்படும். சுவரோரம் கறுத்த எண்ணெய்க் கறை படர்ந்திருந்தால் எலிகள் அவ்வழியே நாள்தோறும் செல்கின்றன என்பது தெளிவு. பெரிய கரப்பானின் எச்சம் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுடையது. முனைகள் மழுங்கி, நெடுக வரிகள் ஓடியிருக்கும்.

எலிக்கும் கரப்பானுக்கும் இடையே காணும் இவ்வேறுபாடு உடல்நலத்தைப் பொறுத்தது. எலியின் சிறுநீர் வாயிலாக லெப்டோஸ்பைரா என்னும் கிருமி பரவி, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் கடுங்காய்ச்சலை உண்டாக்கலாம். ஆகவே, எலியின் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கலாகாது. கிருமிநாசினி கலந்த நீரை அதன்மீது ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, கையுறை அணிந்து துடைத்தெடுக்க வேண்டும்.

ஏட்டில் விழுந்த துளை

நூல்களை அழிக்கும் பூச்சிகளை எல்லாம் இராமபாணம் என்ற ஒரே பெயரால் பலர் வழங்குவர். ஆனால் சேதத்தை உற்று நோக்கின் குற்றவாளிகள் இருவர் என்பது புலனாகும். தாளின் மேற்பரப்பைச் சுரண்டி மெல்லியதாக்கி, ஒழுங்கற்ற விளிம்புகளுடைய ஓட்டைகளை உண்டாக்குவது வெள்ளி நிறச் செதில்களையுடைய பூச்சி. பசையிலும் தாளிலுமுள்ள மாவுச்சத்தை நாடும் இஃது ஈரமும் இருளும் உள்ள இடத்தில் பெருகும். அட்டையிலிருந்து பல ஏடுகளை ஊடுருவிச் செல்லும் வட்டமான சிறு துளையோ நூல்வண்டின் புழு விட்ட சுவடு. முன்னதற்கு அறையை உலர்த்தினாலே பெரும்பகுதி தீர்வு கிட்டும். பின்னதற்குப் பாதிக்கப்பட்ட நூலை உடனே பிரித்து, ஒரு பையில் மூடி, மற்ற நூல்களினின்று விலக்கி வைத்தல் வேண்டும். பரம்பரைப் பத்திரங்களும் கையெழுத்துப் பிரதிகளும் ஒருமுறை அழிந்தால் மீளாதவை ஆகையால் இதில் தாமதம் கூடாது.

சுவடு புதியதா, பழையதா?

சுவட்டை விடுத்த உயிர் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருக்கவும் கூடும். மருந்துக்குச் செலவிடுமுன் இதனை அறிய எளிய சோதனைகள் உள்ளன. தூளை முற்றும் துடைத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு கறுப்புத் தாளை விரித்துத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். சில வாரங்களில் மீண்டும் தூள் சேருமாயின், மரத்தை அசைத்ததனால் உதிர்ந்த பழந்தூளா என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்க. வண்டின் புதிய துளை வெளிர்நிறமாகவும், பழைய துளை கறுத்தும் இருக்கும். கறையானின் மண்குழலில் ஒரு விரற்கடை உடைத்துவிட்டுச் சில நாட்கள் பார்த்தால், அங்கு உயிர் இருப்பின் உடைந்த இடம் பெரும்பாலும் ஈர மண்ணால் அடைபடும். அடைபடாவிடினும் அயலிடங்களைத் தேடிப் பார்ப்பது நன்று. கறையான் வேறு பாதை அமைத்திருக்கலாம்.

முற்காலத்தில் கறையானுக்கு எதிராகப் பயன்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், டீல்ட்ரின் ஆகிய மருந்துகள் மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுநாள் தங்குபவை. 2001ஆம் ஆண்டில் நிறைவேறிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றை விலக்க வேண்டிய பொருள்களின் வரிசையில் முதலிலேயே சேர்த்தது. இன்று கிடைக்கும் மருந்துகளும் நஞ்சே என்பதை மறத்தலாகாது. தேவையான இடத்தில், தேவையான அளவே அவற்றைப் பயன்படுத்த வேண்டுமாயின், எதிரி யார் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு பூதக் கண்ணாடியும், ஓர் அளவுகோலும், மாதிரியை இட்டுவைக்க மூடியுள்ள ஒரு சிறு புட்டியும் போதும். தூளைப் பெருக்கித் தள்ளுமுன் ஒரு சிட்டிகை எடுத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிப் புட்டியில் ஒட்டிவைத்தல் நல்ல பழக்கம். பூச்சி இயல் அறிந்த ஒருவரிடம் அதனைக் காட்டினால், அவர் சரியான வழி கூறுவதற்குப் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.