கியர் மாறும் அந்த அரை நொடி

பேருந்து ஓட்டுநர் கியர் மாற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? இடக்காலால் கிளட்சை மிதிக்கிறார். இடக்கையால் கியர்க் கம்பியைத் தள்ளுகிறார். பிறகு காலை மெல்ல எடுக்கிறார். காலைச் சட்டென்று எடுத்தால் வண்டி குலுங்கும். நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். மிக மெதுவாக எடுத்தாலோ குலுக்கல் இராது. ஆனால் கிளட்ச் தேயும், கருகிய வாடை வரும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. நல்ல ஓட்டுநரின் கால் அதை அறியும்.

காலின் இந்த வேலையை எண்ணெயிடம் ஒப்படைத்தால் அதுவே தானியங்கி கியர்ப்பெட்டி. 1940ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இடம்பெற்ற 'ஹைட்ரமாட்டிக்', பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர்ப்பெட்டியாகும். அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1969ஆம் ஆண்டு மாடல்களில் 'டர்போ ஹைட்ரமாட்டிக் 350' என்ற மூன்று கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கார்ப் பிரியர்கள் பலர் இத்தகைய பெட்டிகளைத் தம் வீட்டுக் கார்க் கொட்டகையிலேயே திறந்து, கியர் இன்னும் உறுதியாக விழும்படி மாற்றியமைத்தார்கள். பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் அவ்வாறு செய்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன? அதைப் புரிந்துகொள்ளப் பாஸ்கல் விதியும் வட்டத்தின் பரப்பளவும் போதும்!

எண்ணெயின் பிடி

தானியங்கிப் பெட்டியில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை எதனுடன் இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தே கியர் மாறுகிறது. பிடிக்கும் வேலையைச் செய்பவை வட்டுகள். ஓர் எஃகு வட்டு, அதையடுத்து உராய்வுப் பூச்சுள்ள ஒரு வட்டு என அவை மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்த அடுக்கை நெருக்குகிறது.

எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம், பிஸ்டனின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நெருக்கும் விசை 1000 கிலோகிராம் எடைக்குச் சமம். இத்தனை விசையும் ஒரே கணத்தில் விழுந்தால் கார் துள்ளிவிடும் அல்லவா? ஆகவே எண்ணெய் வரும் வழியில் இரண்டு தடைகளை வைத்தார்கள். ஒன்று, தகட்டில் உள்ள சிறு துளை. எண்ணெய் அதன் வழியே சிறிது சிறிதாகவே நுழையும். மற்றது 'அக்குமுலேட்டர்' என்னும் சிறு பிஸ்டன்; அதன் பின்னால் ஒரு சுருள்வில் இருக்கும். வரும் எண்ணெயின் ஒரு பகுதி இந்தச் சுருள்வில்லை அமுக்குவதில் செலவாகிறது. அதனால் அழுத்தம் படிப்படியாகவே ஏறுகிறது.

மென்மைக்கு விலை வெப்பம்

மேற்சொன்ன 350 பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.52, இரண்டாவது கியரின் விகிதம் 1.52. முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுகள் சுழல்கிறது என்போம். இரண்டாம் கியர் விழும் கணத்தில் காரின் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எனவே எஞ்சின் சுமார் 2400 சுற்றுகளுக்கு இறங்கியாக வேண்டும். அவ்வாறு இறங்கி முடியும்வரை வட்டுகள் முழுப்பிடி கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சூடேறுகிறது. வட்டுகளிலும் இதுவே நிகழ்கிறது. வழுக்கும் நேரம் முழுதும் எஞ்சின் தள்ளிக்கொண்டே இருப்பதால், நேரம் நீளும் அளவுக்கு வெப்பமும் கூடுகிறது. பயணி உணரும் மென்மைக்கு வட்டுகளே விலை கொடுக்கின்றன! அன்றாடப் பயணத்தில் இந்த விலை சிறியது. பாரவண்டியை இழுக்கும்போதும், பந்தயத்திலும் அது பெரிதாகும். உராய்வுப் பூச்சு கருகும்; எண்ணெய் கறுத்துப்போகும்.

துளையும் சுருள்வில்லும்

வீட்டில் மாற்றியமைப்பவர்கள் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, அதன் மேலே உள்ள 'வால்வு பாடி' என்ற பகுதியை இறக்குகிறார்கள். எண்ணெய்க்கு வழிகாட்டும் வாய்க்கால்களும் வால்வுகளும் அதில்தான் உள்ளன. அதனோடு இணைந்த தகட்டின் குறிப்பிட்ட துளையைப் பெரிதாக்குவார்கள். அக்குமுலேட்டருக்கு இன்னும் கடினமான சுருள்வில்லைப் போடுவார்கள். இதற்கான பாகங்களும் குறிப்பேடும் 'ஷிப்ட் கிட்' என்ற பெயரில் தொகுப்பாக விற்கப்படுகின்றன.

இங்கே ஒரு கணக்கு. 2 மில்லிமீட்டர் துளையை 2.5 மில்லிமீட்டர் ஆக்கினால் என்ன ஆகும்? அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு விட்டத்தின் இருமடிப்படி மாறுகிறது: 4 என்பது 6.25 ஆகிறது. அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல்! 3 மில்லிமீட்டர் ஆக்கினால் இரண்டேகால் மடங்கு. அழுத்தம் மாறாதிருந்தால், பாயும் எண்ணெயும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். துளையைப் பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியாது. ஒருமுறை அளவு தவறினால் புதுத் தகடுதான் வாங்க வேண்டும்.

வேறு கண்ணிகளும் உண்டு. வால்வு பாடிக்குள் சிறு எஃகுக் குண்டுகள் சில இருக்கும். எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடுவது அவற்றின் வேலை. ஒன்று இடம் மாறினாலும் கியர் முறை தவறும். துளையிட்டபோது உதிர்ந்த உலோகத் துகள் ஒரு வால்வை அசையவிடாமல் செய்துவிடலாம். காரைத் தூக்க ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிருக்கே ஆபத்து. உறுதியான தாங்கிகள் வேண்டும். எண்ணெயும் ஆறியிருக்க வேண்டும்.

உறுதிக்கும் எல்லை உண்டு

அப்படியானால் வழுக்கலே இல்லாமல் செய்துவிடலாமா? கூடாது. சுழலும் எஞ்சினில் சேர்ந்துள்ள ஆற்றல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அது மிகக் குறுகிய நேரத்தில் வெளிப்பட்டால் அதிர்ச்சியாக மாறும். வட்டுகள் தப்பும், ஆனால் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டும், அதன் இணைப்புகளும், பின்னச்சின் பற்சக்கரங்களும் அடி வாங்கும். ஏற்கெனவே கருகிப்போன வட்டுகளை எந்தச் சுருள்வில்லும் உயிர்ப்பிக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்றைய தானியங்கிப் பெட்டிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகின்றன. எண்ணெய் அழுத்தத்தைக் கணினி கணத்துக்குக் கணம் திருத்துகிறது. கியர் மாறும் வேளையில் எஞ்சினின் முறுக்குவிசையையும் அது சற்றே குறைக்கிறது. தள்ளுவது குறைந்தால், விரைந்து பிடித்தாலும் அதிர்ச்சி குறைவு, வெப்பமும் குறைவு!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 1.5 மில்லிமீட்டர் துளை வழியே பாயும் எண்ணெய் சரியாக இருமடங்காக வேண்டும். எந்த அளவுத் துளை இடுவீர்கள்? 3 மில்லிமீட்டர் என்று சொல்லத் துடித்தால், துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கணக்கிடுங்கள்.