வானத்துக்கு மதிப்பெண்

2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரீனிச் ராயல் வானாய்வுக்கூடம் நடத்திய புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தை, வானப் புகைப்படத் துறையின் பாலபாடத்தைக் கற்ற எவரிடமேனும் காட்டினால், "பாதி நட்சத்திரங்கள் ஃபோகஸ் தப்பியல்லவா இருக்கின்றன!" என்றுதான் அவர் முதலில் கேட்பார். அவர் கேட்பது நியாயமே. அதை எடுத்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா லெஃபோதே, முப்பரிமாண அச்சில் செய்த ஒரு சிறு பாகத்தைக் கொண்டு காமிராவைத் தொலைநோக்கியில் வேண்டுமென்றே சாய்த்துப் பொருத்தினார். அதனால் ஆண்ட்ரொமீடா மண்டலம் கூர்மையாகவும், ஓரங்களிலுள்ள நட்சத்திரங்கள் மங்கி விரிந்தும் படத்தில் விழுந்தன. வெகு அருகில் வைத்துப் பார்க்கும் சிறு பொருள்களுக்கே உரிய அந்த மங்கல், 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு மண்டலத்தைக் கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும் மயக்கத்தை உண்டாக்கிற்று. பாடத்தின்படி அது பிழை. பரிசுப் பட்டியலிலோ அதுவே பெருமை.

வானப் படங்களுக்குப் பரிசு நிர்ணயிக்கும்போது நுட்பத் திறனுக்கு முதலிடமா, கலைச் சிறப்புக்கு முதலிடமா என்னும் பழைய வழக்கு இத்தகைய படங்களால்தான் மீண்டும் மீண்டும் கிளம்புகிறது. சர்வதேச வானியல் ஆண்டாகிய 2009-இல் தொடங்கி, இன்று முதல்வருக்கு 10,000 பவுன் வழங்கும் கிரீனிச் போட்டியில் வானியல் அறிந்தவர்களும் கலைத்துறையினரும் ஒரே குழுவில் அமர்ந்து நடுவர் பணி செய்கின்றனர். 2011-இல் அங்கே வென்றது, வியாழனையும் அதன் இரு துணைக்கோள்களையும் காட்டிய டாமியன் பீச்சின் படம். 2013-இல் வென்றது, நியூஸிலாந்தின் பாலிசர் முனைக் கலங்கரை விளக்கத்துக்கு மேல் பால்வீதி எழுந்து நிற்கும் மார்க் ஜீயின் படம். முன்னது காற்றின் நடுக்கத்தோடு போராடிப் பெற்ற துல்லியம். பின்னது நிலமும் வானமும் ஒரு சட்டத்துக்குள் இணங்கி நிற்கும் காட்சி. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது எங்ஙனம்?

நுட்பம் என்பது இங்கே சாமானிய விஷயமன்று. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு ஏறத்தாழ 15 வில்விநாடி நகர்கிறது; அந்த நகர்ச்சியைப் பிசகாமல் பின்தொடரும் மவுண்ட் மீது தொலைநோக்கியை ஏற்றி, நிமிஷக் கணக்கில் திறந்துவைத்து எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூடியை மூடி எடுத்த டார்க் படங்களால் காமிராவின் உள்வெப்பம் விளைவிக்கும் கறையையும், சீரான ஒளியில் எடுத்த ஃப்ளாட் படங்களால் தூசியின் நிழலையும் நீக்கிய பின்னரே நெபுலா என்னும் வாயுத்திரள் ஒன்று தன் உருவத்தைக் காட்டுகிறது. ஆகவே, துறை அறிந்த நடுவர் படத்தின் நடுவைப் பார்ப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் பார்ப்பார். அங்கே நட்சத்திரங்கள் வட்டமாக உள்ளனவா, முட்டை வடிவில் நீண்டிருக்கின்றனவா, அவற்றின் மையம் வெளுத்து நிறம் இழந்திருக்கிறதா, சந்திரனின் விளிம்பில் மிகையான கூர்மையாக்கத்தால் கறுப்புக் கோடு படிந்திருக்கிறதா என்பவற்றை அவர் கண்கள் தேடும்.

இக்குறைகளை விரல்விட்டு எண்ணலாம். எண்ணக்கூடியதைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால் பட்சபாதம் என்னும் பழி வராது என்பதனாலேயே நுட்பத்தின் பக்கம் சாய்வோர் பலர். ஆனால் நுட்பத்தை இன்று விலைக்கு வாங்கலாம். சிலி நாட்டின் தெளிந்த வானத்தின் கீழ் நிற்கும் பெரிய தொலைநோக்கியை வாடகைக்கு அமர்த்தி, வீட்டில் உறங்கியபடியே மாசற்ற படங்களைப் பெறுவோர் உண்டு. விண்கலங்களும் ஆய்வகங்களும் பொதுவில் வைத்த தரவுகளைக் கொண்டு படம் ஆக்குவோருக்கென்றே கிரீனிச்சில் ஆனி மாண்டர் பெயரால் தனிப் பரிசும் உண்டு. அந்த அம்மையாரோ, 1898 ஜனவரியில் நம் நாட்டின் தால்னி என்னும் இடத்துக்கு வந்து, பூரண சூரிய கிரகணத்தின்போது தமக்கென அமைத்துக்கொண்ட சிறு காமிராவால் சூரியனின் ஒளிவட்டத்திலிருந்து நெடுந்தூரம் நீண்ட ஒரு கதிரைப் படம் பிடித்தவர். படம் எடுத்தலும் எடுத்ததைப் படமாக்குதலும் தனித்தனித் திறமைகளாகிவிட்ட இந்நாளில், நட்சத்திரம் வட்டமாக இருப்பதற்கான பெருமை பரிசு கேட்பவருக்கு உரியதா, கருவியின் சொந்தக்காரருக்கு உரியதா என்று நடுவர் கேட்டே தீரவேண்டும்.

அப்படியாயின் சௌந்தரியத்தையே பிரமாணமாகக் கொள்வோம் எனில், அதிலும் இடர்ப்பாடு உண்டு. காமிரா தரும் மூலப்படம் திரையில் ஏறக்குறைய முழு இருளாகவே தோன்றும். அதிலுள்ள மெல்லிய ஒளியை எவ்வளவு உயர்த்துவது என்பது மனிதன் செய்யும் முடிவு. வர்ணமும் அவ்வாறே. ஹைட்ரஜனின் ஒளி 656 நானோமீட்டரிலும் கந்தகத்தின் ஒளி 672 நானோமீட்டரிலும், இரண்டும் கண்ணுக்கு ஒரே சிவப்பாக அமைய, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று பகிர்ந்தளித்த முறையில்தான் 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த, நெபுலா ஒன்றின் வாயுத் தூண்களைக் காட்டும் புகழ்பெற்ற படம் உருவாயிற்று. அது பொய்யன்று, வாயுக்களைப் பிரித்தறிய உதவும் ஒரு மரபு. ஆனால் மலைக்குப் பின்னே சந்திரனைப் பெரிதாக்கி ஒட்டுவதும், பால்வீதி ஒருபோதும் எழாத திசையில் அதை நிறுத்துவதும், கூர்மையாக்கும் மென்பொருள் கற்பித்துத் தந்த இழைகளை நெபுலாவின் இழைகளென்று காட்டுவதும் வேறு ஜாதி. அவற்றின் அழகில் மயங்காமல், "வானத்தில் இது இல்லையே" என்று சொல்லுவதற்கு நுட்பம் கற்ற நடுவரே வேண்டியிருக்கிறது.

இரு தரப்பாரும் ஒருவரையொருவர் எவ்வளவு நாட வேண்டியிருக்கிறது என்பதற்கு கிரீனிச் போட்டியின் 2023-ஆம் ஆண்டு முதற்பரிசே சாட்சி. 1888-இல் ஐஸக் ராபர்ட்ஸ் என்பவர் படம் எடுத்த நாள் முதல் எண்ணற்ற காமிராக்கள் நோக்கிய அதே ஆண்ட்ரொமீடாவுக்குப் பக்கத்தில், ஆக்ஸிஜன் ஒளியில் நீல வில் ஒன்று பரந்து கிடப்பதை டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செந்தி என்னும் மூன்று அமெச்சூர்கள் சிறிய தொலைநோக்கியால் கண்டனர். கண்ணாடியில் பட்டுத் தெறித்த ஒளியோ என்னும் ஐயத்தை வேறு கருவிகளாலும் எடுத்துப் பார்த்து நீக்கிய பிறகே, தொழில்முறை வானியலாரோடு சேர்ந்து 2023 ஜனவரியில் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டனர். அந்த வில் மெய்யென்று தெரிந்திராவிட்டால் படம் வெறும் அலங்காரம். மெய்யாக இருந்தும் அழகுற அமையாதிருந்தால் அது ஆய்வேட்டோடு நின்றிருக்கும்.

ஆதலால், நுட்பத்துக்கு ஐம்பது, கலைக்கு ஐம்பது என்று பிரித்து இட்டுக் கூட்டுவது பொருந்தாத கணக்கு என்பதே என் அபிப்பிராயம். கூட்டல் முறையில் லெஃபோதேயின் படம் மங்கிய ஓரங்களுக்காக முதலில் தண்டம் கட்டிப் பின்னர் அதே ஓரங்களுக்காக வெகுமதி பெறும். ஒரே லட்சணத்துக்கு இரு கணக்கு எழுதுவது தீர்ப்பாகாது. சுருதி சேராத பாட்டைக் கேட்க எவரும் உட்காருவதில்லை. சுருதி சேர்ந்திருந்தது என்பதற்காக மட்டும் எவரையும் வித்துவான் என்று கொண்டாடுவதும் இல்லை. நுட்பம் வாயிற்படி, அதைத் தாண்டாத படம் உள்ளே வரக்கூடாது, தாண்டிய படம் அதற்காகவே பரிசு கேட்கவும் கூடாது. விதியை மீறிய படம் வந்தாலோ, மீறியது கை நழுவியதாலா, கருத்து ஏவியதாலா என்பதை விசாரிக்க வேண்டும். கை நழுவியதால் விளைந்த மங்கல் எந்த நோக்கத்துக்கும் உதவாமல் தனித்து நிற்கும். கருத்தோடு செய்த மங்கல் படம் முழுதும் ஒரே நோக்கத்துக்கு அடங்கியிருக்கும். பழகிய கண் இந்த வேற்றுமையைத் தவறவிடாது.

இன்னொன்றும் நடுவர்கள் செய்யவேண்டும். வென்ற படத்துக்கு ஏன் பரிசு அளித்தோம் என்பதோடு, அதற்கு மிக அருகில் வந்து தோற்ற படம் எதனால் தோற்றது என்பதையும் அவர்கள் எழுதிவைக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லுவது சுலபம். காரணம் சொல்லுவது கஷ்டம். காரணம் தெரியாத இடத்தில் போட்டியாளர்கள் வென்ற படத்தின் வர்ணத்தையும் அமைப்பையும் மட்டுமே பிரதி எடுப்பார்கள். தெரிந்த இடத்திலோ அந்தக் காரணத்தோடு வாதாடத் தொடங்குவார்கள்.