மாட்டின் ஊநீரை நீர்க்கச் செய்து சோதிப்பது ஏன்?

சினை மாடு ஐந்து மாதத்திற்கு மேல் கன்று வீசினால், புருசெல்லோசிஸ் எனப்படும் கன்று வீச்சு நோயாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இதை அறிய இரத்தச் சோதனை உதவும். "சிறிதளவு ஊநீரில் அவ்வளவு நீரைக் கலந்தால் சோதனை சரியாக இருக்குமா?" என உழவர்கள் கேட்பதுண்டு. நீர்க்கச் செய்வதில்தான் இச்சோதனையின் சூட்சுமமே அடங்கியுள்ளது.

கால்நடை மருத்துவர் மாட்டின் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, உலர்ந்த, தூய குழாயில் சாய்வாக வைப்பார். இரத்தம் உறைந்ததும் வெளிர் மஞ்சள் நிற ஊநீர் பிரியும். குழாயைக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து ஊநீர் சிவந்து கெடும். பிரித்த ஊநீரைப் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புதல் நலம்.

ஆய்வுக்கூடத்தில் ஐந்து குழாய்களை வரிசையாக வைப்பர். முதற்குழாயில் 0.8 மி.லி., மற்றவற்றில் 0.5 மி.லி. வீதம் பீனால் கலந்த உப்புநீர் ஊற்றப்படும். முதற்குழாயில் 0.2 மி.லி. ஊநீரைச் சேர்த்துக் கலக்கி, அதிலிருந்து 0.5 மி.லி. எடுத்து இரண்டாவதில் விடுவர். இவ்வாறே தொடர்ந்து, கடைசிக் குழாயில் 0.5 மி.லி.யை எடுத்து அகற்றுவர். பின்னர் ஒவ்வொன்றிலும், கொல்லப்பட்ட நோய்க்கிருமிகள் அடங்கிய கரைசல் 0.5 மி.லி. சேர்க்கப்படும். இப்போது ஊநீர் முறையே 10, 20, 40, 80, 160 மடங்கு நீர்த்திருக்கும். குழாய்களை 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்துப் பார்ப்பர்.

ஊநீரில் எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் திரண்டு அடியில் படியும், மேல்நீர் தெளியும். இல்லையேல் கலங்கலாகவே இருக்கும். தடுப்பூசி போடாத மாட்டில் 40 மடங்கு நீர்த்த குழாயிலும் பாதியளவு தெளிவு காணப்பட்டால் நோய் உண்டு எனக் கொள்வர். 20 மடங்கில் மட்டும் தெளிந்தால் ஐயத்திற்குரியது. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

நீர்க்காத ஊநீரில் இரண்டு தவறுகள் நேரலாம். வேறு கிருமிகளால் உண்டான எதிர்ப்பொருளும் சிறிது திரட்சி காட்டும். மாறாக, எதிர்ப்பொருள் மிக அதிகமாயிருந்தால் திரட்சியே தோன்றாமல் போவதும் உண்டு. அளவில் பிழை நேர்ந்தால் அது அடுத்தடுத்த குழாய்களுக்கும் தொடரும். அதனால் நல்ல மாடு விற்கப்படலாம். நோயுற்ற மாடு தொழுவத்தில் தங்கிவிடலாம்.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மாதிரியுடன் காதுவில்லை எண், சினைக்காலம், தடுப்பூசி விவரம் தருக. தடுப்பூசியாலும் எதிர்ப்பொருள் தோன்றும்.

2. கன்று வீசிய உடனே எடுத்த மாதிரியில் நோய் தெரியாமல் போகலாம். மூன்று வாரம் கழித்து மறுமுறை சோதிக்கவும்.

3. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சியே பருகுங்கள். இந்நோய் மனிதருக்கும் தொற்றும்.

4. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். 2019இல் தொடங்கிய தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதுவும் அடங்கும்.