கழுகுக்குப் பாதி கறி கொடுக்கலைன்னா கேம் ஓவர்: பாட்டி கதை ரூல்ஸில் ஓடிய ‘கிங்ஸ் குவெஸ்ட்’!

ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவருக்குப் பிள்ளை இல்லை. நாட்டைக் காத்துவந்த மூன்று மாயப் பொருட்களும் களவு போய்விட்டன. வயதாகி, தளர்ந்துபோன ராஜா, தனக்கு நம்பிக்கையான வீரன் ஒருவனை வரச் சொல்கிறார். மூன்றையும் மீட்டு வந்தால் அடுத்த ராஜா அவன்தான்.

இதுவரை பாட்டி சொல்லும் கதைதான். இதற்குப் பிறகுதான் விஷயமே மாறுது. அந்த வீரன் கோட்டைக்கு வெளியே சும்மா நிற்கிறான். அவனை நடக்க வைக்க வேண்டியது நீங்கள். அம்புக்குறி பட்டனைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் அசந்தால், நேராக அகழிக்குள் இறங்கிவிடுவான். அகழியில் முதலை. ராஜாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஹீரோ காலி!

பாட்டி கதையில் இப்படி ஒருநாளும் நடக்காது. ஆனால், ‘கிங்ஸ் குவெஸ்ட்’ கேமில் தினமும் நடந்தது. தேவதைக் கதைகளின் விதிகளை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும், என்ன சிக்கல் வரும் என்பதற்கு இந்த கேம்தான் செம உதாரணம்.

என்ன கேம் இது?

1984-ல் வெளியானது ‘கிங்ஸ் குவெஸ்ட்’. உருவாக்கியது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ‘சியரா ஆன்-லைன்’ நிறுவனம். முதலில் ஐ.பி.எம்.-மின் ‘பிசி ஜூனியர்’ கம்ப்யூட்டருக்காக வந்தது. வடிவமைத்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ். கணவர் கென் வில்லியம்ஸுடன் சேர்ந்து அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. சின்ன வயதிலிருந்தே தேவதைக் கதைகள் என்றால் அவருக்கு உயிர்.

அதுவரை வந்த அட்வெஞ்சர் கேம்களில் பெரும்பாலும் எழுத்து மட்டும் இருக்கும். மிஞ்சிப்போனால் அசையாத ஒரு படம். ‘கிங்ஸ் குவெஸ்ட்’டில் ஹீரோ கிரஹாம் ஸ்க்ரீனில் நடந்தார். மரத்துக்குப் பின்னால் போனால் மறைந்தார், முன்னால் வந்தால் தெரிந்தார். என்ன செய்ய வேண்டும் என்பதை ‘கதவைத் திற’, ‘கேரட்டை எடு’ என்பதுபோல ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். ஹிட் அடித்தது. 1984-லிருந்து 1998-க்குள் இந்த வரிசையில் எட்டு கேம்கள் வந்தன.

எல்லா ஊர் கதையும் ஒரே ஊரில்

கேம் நடக்கும் நாட்டின் பெயர் டாவென்ட்ரி. மேப்பில் இல்லாத ஊர். ஆனால், அங்கே இருப்பவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஜெர்மனியின் க்ரிம் சகோதரர்கள் தொகுத்த கதையிலிருந்து வந்த தின்பண்ட வீடும் சூனியக்காரியும் அங்கே உண்டு. நார்வே கதையின் பாலத்துப் பூதமும் ஆடும் உண்டு. இங்கிலாந்தின் ஜாக் ஏறிய அவரைக்கொடி, அயர்லாந்தின் ‘லெப்ரகான்’ குள்ளர்கள் என எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

இது வெறும் அலங்காரம் இல்லை. கேமுக்கான க்ளூவே இதில்தான் இருக்கிறது. சூனியக்காரியை எப்படிச் சமாளிப்பது என்று கேம் சொல்லித்தராது. சிறுவயதில் அந்தக் கதையைக் கேட்டவருக்குத் தெரியும்: அடுப்புக்குள் தள்ள வேண்டும். பாலத்தில் பூதம் மறித்தால்? ஒரு கேரட்டைக் காட்டி ஆட்டைக் கூட்டிவந்தால் போதும், மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும். கதை கேட்டு வளர்ந்தவர் கையில் பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது.

ரூல் 1: எல்லாமே மூன்று

மூன்று மகன்கள், மூன்று வரங்கள், மூன்று சோதனைகள். உலகம் முழுக்க நாட்டுப்புறக் கதைகள் மூன்றைச் சுற்றியே ஓடுவதை டென்மார்க் அறிஞர் ஆக்ஸல் ஓல்ரிக் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு விதியாக எழுதிவைத்தார். வாயால் சொல்லும் கதையில் மூன்று என்பது வசதியான எண். சொல்பவருக்கும் மறக்காது, கேட்பவருக்கும் சலிக்காது.

கேமிலும் அதே கணக்குதான். எதிர்காலத்தைக் காட்டும் கண்ணாடி, வைத்திருப்பவரை யாரும் வெல்ல முடியாத கேடயம், எடுக்க எடுக்கத் தங்கம் குறையாத பெட்டி. இந்த மூன்றும்தான் டார்கெட். எவ்வளவு முடித்தோம், எவ்வளவு பாக்கி என்று ப்ளேயருக்கு எப்போதும் தெளிவாகத் தெரியும்.

ரூல் 2: கத்தியைவிட புத்திக்கு மார்க் அதிகம்

இந்த கேமில் மொத்தம் 158 பாயின்ட். ஒரே சிக்கலுக்குப் பல இடங்களில் இரண்டு வழி இருக்கும். மாயக் கண்ணாடியைக் காக்கும் டிராகனைக் கத்தி வீசிக் கொல்லலாம். வாளித் தண்ணீரை ஊற்றி அதன் நெருப்பை அணைத்தும் துரத்தலாம். மேகங்களுக்கு மேல் இருக்கும் ராட்சதனைக் கவண்கல்லால் வீழ்த்தலாம். ஒளிந்திருந்து, அவன் தூங்கிய பிறகு பெட்டியை எடுத்தும் வரலாம்.

எந்த வழியில் போனாலும் கதை நகரும். ஆனால், கொல்லாமல் ஜெயித்தால்தான் அதிக பாயின்ட். சின்னப் பையன் பெரிய ராட்சதனைப் புத்தியால் ஜெயிக்கும் பழைய கதைகளின் நியாயம் இங்கே மதிப்பெண்ணாக மாறியிருக்கிறது. சூனியக்காரிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பழைய கதையே அவளை மன்னிக்கவில்லை, கேமும் மன்னிக்கவில்லை.

ரூல் 3: வழியில் பார்ப்பவரை அலட்சியம் செய்யாதே

ரஷ்ய அறிஞர் விளாதிமிர் ப்ராப், 100 மாயக் கதைகளைப் பிரித்து ஆராய்ந்து 1928-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆட்கள் மாறினாலும் கதையில் நடக்கும் செயல்கள் மொத்தம் 31 வகைதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதில் முக்கியமான ஒன்று: ஹீரோ வழியில் யாரையாவது சந்திப்பார். அவர் ஹீரோவைச் சோதிப்பார். நல்லபடியாக நடந்துகொண்டால் மாயப் பொருளோ உதவியோ கிடைக்கும்.

1990-ல் வந்த ஐந்தாவது ‘கிங்ஸ் குவெஸ்ட்’ கிட்டத்தட்ட முழுக்க இந்த ஒரு விதியில் ஓடுகிறது. இப்போது ராஜாவாகிவிட்ட கிரஹாமின் குடும்பத்தைக் கோட்டையோடு சேர்த்து ஒரு மந்திரவாதி கடத்திவிடுகிறான். தேடிப் போகும் வழியில், எறும்புப் புற்றைக் கலைக்கும் நாயைக் குச்சி எறிந்து திசைதிருப்பினால், பிறகு எறும்புகள் வைக்கோல் போரிலிருந்து தங்க ஊசியை எடுத்துத் தரும். தேன்கூட்டைத் தாக்கும் கரடிக்கு மீனைப் போட்டால், தேனீக்களின் ராணி நன்றியோடு தேனடை எடுத்துக்கொள்ளச் சொல்லும்.

பனிமலையில் கிரஹாமுக்குப் பசி. கையில் ஆட்டுக்கால் கறி இருக்கிறது. பாதியைத் தின்றுவிட்டு, மீதியைப் பட்டினியில் வாடும் கழுகுக்குக் கொடுக்க வேண்டும். பிற்பாடு ஒரு ராட்சதப் பறவை கிரஹாமைக் கூட்டுக்குத் தூக்கிப்போகும்போது, காப்பாற்ற வருவது அதே கழுகுதான்.

இதன் வேர் எங்கே என்று தேட வேண்டியதில்லை. க்ரிம் சகோதரர்களின் தொகுப்பில் ‘தேனீ ராணி’ என்றொரு கதை இருக்கிறது. மூன்று இளவரசர்கள். மூத்தவர்கள் இருவரும் எறும்புப் புற்றைக் கலைக்க, வாத்துகளைக் கொல்ல, தேன்கூட்டைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். எல்லோரும் கிண்டலடிக்கும் கடைக்குட்டி தடுக்கிறான். பிறகு மாயக் கோட்டையில் சோதனை வரும்போது அவனுக்குத் துணை நிற்பவை அந்த ஜீவன்களே. முதலில் முயன்ற அண்ணன்கள் இருவரும் தோற்றுக் கல்லாகிவிடுகிறார்கள்.

இந்த அண்ணன்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேமின் பெரிய சிக்கலுக்கு விடை அவர்களிடம்தான் இருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது?

கதையில் கடைக்குட்டி தப்பு செய்யவே மாட்டான். சொல்பவருக்கு முடிவு தெரியும். ஆனால், ப்ளேயர்?

ஐந்தாவது கேமில் ஊருக்குள் நடந்து போகும்போது ஒரு பூனை எலியைத் துரத்தும். சில நொடிகள்தான். உடனே பழைய பூட்ஸையோ குச்சியையோ பூனை மேல் எறிய வேண்டும். ‘ஏதோ அனிமேஷன்’ என்று வேடிக்கை பார்த்தால், அந்தச் சந்தர்ப்பம் மறுபடி வராது. ரொம்ப நேரம் கழித்து ஒரு விடுதியின் பாதாள அறையில் கிரஹாமைக் கட்டிப்போடுவார்கள். கயிற்றைக் கடித்து அறுக்க வேண்டியது அந்த எலி. எலி இல்லையென்றால், அவ்வளவுதான்.

இன்னொன்று. பேக்கரியில் வாங்கிய கஸ்டர்ட் பையைப் பசி நேரத்தில் கிரஹாம் தின்றுவிடலாம். கேம் தடுக்காது. ஆனால், பிறகு வரும் பனிமனிதனின் முகத்தில் எறிய அந்தப் பைதான் வேண்டும். வேறு எதுவும் செல்லாது.

முதல் கேமிலும் இப்படி ஒரு தலைவலி உண்டு. ஒரு குள்ளக் கிழவரின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் தெரிந்தால் மாயம் உடையும் என்பது பழைய கதை விதி. ‘ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின்’ என்று கதை தெரிந்தவர் உடனே டைப் செய்வார். தப்பு! பின்னோக்கி யோசிக்கச் சொல்லி ஒரு குறிப்பு கிடைக்கும். சரி என்று பெயரைத் திருப்பி எழுதினால் அதுவும் தப்பு. ஆங்கில எழுத்து வரிசையையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்து என்று மாற்றி எழுத வேண்டும். பழைய விதியை நம்பி வந்தவருக்கு கேம் வைத்த ஆப்பு இது. நல்லவேளை, மூன்று முறை தப்பாகச் சொன்னாலும் கிழவர் ஒரு சாவி தருவார், வேறு பாதையில் போகலாம். பாயின்ட் மட்டும் குறையும்.

இந்த ஸ்டைல் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் இருந்த ரான் கில்பர்ட், ப்ளேயர் செத்துச் செத்துத்தான் விடையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மோசமான வடிவமைப்பு என 1989-லேயே கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அவர் உருவாக்கிய ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ கேமில் ஒரு காட்சி: ஹீரோ மலை உச்சியிலிருந்து விழுகிறான், சியரா கேம் மாதிரியே ‘செத்துவிட்டாய்’ என்று ஒரு பெட்டி வருகிறது, அடுத்த நொடி ஹீரோ பந்து மாதிரி எகிறி மேலே வந்து நிற்கிறான். யாரைக் கலாய்க்கிறார்கள் என்பது கேம் உலகத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

அப்போ அந்த அண்ணன்கள் யார்?

கில்பர்ட் சொன்னது நியாயம். எச்சரிக்கையே இல்லாமல் பல மணி நேர உழைப்பை வீணாக்குவது ப்ளேயருக்குச் செய்யும் அநீதிதான். பின்னாளில் கேம் உலகம் பெரும்பாலும் அவர் வழியில்தான் போனது.

ஆனால், தேவதைக் கதையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எலியைக் கவனிக்காமல் போனவர், பையைத் தின்றவர், கழுகைத் தாண்டிப் போனவர். இவர்கள்தான் அந்த மூத்த அண்ணன்கள்! கதை கேட்கும்போது எல்லோரும் தன்னைக் கடைக்குட்டியாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். அவசரத்தில் எறும்பை மிதித்துவிட்டுப் போகும் அண்ணன் ‘நான்தான்’ என்று யாருக்கும் தோன்றாது. ‘கிங்ஸ் குவெஸ்ட்’ அதை மூஞ்சிக்கு நேரே காட்டியது. முதல் இரண்டு முறை தோற்கும் அண்ணனும் நீங்கள்தான், மூன்றாம் முறை ஜெயிக்கும் தம்பியும் நீங்கள்தான்.

‘தேனீ ராணி’ கதையின் முடிவில், கடைக்குட்டி ஜெயித்ததும் கல்லான எல்லோரும் உயிர் பெறுகிறார்கள். கேமில் அந்த வேலையைச் செய்தது, சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வசதி.

இளவரசி ஹீரோ ஆனபோது...

விதிகளைப் பின்பற்றியதோடு நிற்கவில்லை, சிலவற்றை ராபர்ட்டா உடைக்கவும் செய்தார். பழைய கதையில் இளவரசி என்பவர் கடைசியில் கிடைக்கும் பரிசு. 1988-ல் வந்த நான்காவது கேமில் கிரஹாமின் மகள் ரோசெல்லாதான் ஹீரோ. சாகக் கிடக்கும் அப்பாவுக்காக மாயக் கனியைத் தேடிக் கிளம்புகிறார். தவளைக்கு முத்தம் கொடுத்து இளவரசன் ஆக்குகிறார், ஆனால் கல்யாணம் செய்துகொள்வதில்லை. அவருக்குத் தேவை தவளையின் கிரீடம், அவ்வளவே. க்ளைமாக்ஸில் அழகான இளைஞன் ஒருவன் ‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?’ என்று கேட்கும்போதும் மறுத்துவிட்டு, அப்பாவைக் காப்பாற்ற வீட்டுக்குத் திரும்புகிறார்.

தாத்தா கதை சொல்ல வந்தார்

2015-ல் ‘தி ஆட் ஜென்டில்மென்’ என்ற ஸ்டுடியோ ‘கிங்ஸ் குவெஸ்ட்’டைப் புதிதாகக் கொண்டுவந்தது. இதில் கிரஹாம் படுக்கையில் கிடக்கும் தாத்தா. குரல் கொடுத்தவர் ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ புகழ் கிறிஸ்டோஃபர் லாய்ட். தன் இளமைக்கால சாகசங்களைப் பேத்தி க்வெண்டலினுக்குச் சொல்கிறார். நாம் ஆடுவது அவர் சொல்லும் கதையைத்தான். வீரம், இரக்கம், புத்தி என மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதற்கேற்ப பேத்தியும் கற்றுக்கொள்கிறாள்.

பழைய சிக்கலுக்கும் இதில் ஒரு வழி கிடைத்துவிட்டது. கிரஹாம் செத்துப்போனால், தாத்தா ஒரு கமென்ட் அடித்துவிட்டுக் கதையைத் தொடர்வார். கதை சொல்லும் தாத்தா கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது, ஹீரோ நிஜமாகவே செத்திருக்க முடியாதே!

1984-ல் கம்ப்யூட்டருக்குள் கதை போனபோது, ஹீரோ போனார், பூதம் போனது, விதிகளும் போயின. விட்டுப்போனவர் கதை சொல்பவர் மட்டும்தான். தப்பான பாதையில் ஹீரோ கால் வைத்தால், ‘இரு இரு, அப்படி நடக்கல’ என்று திருத்திச் சொல்ல அவர் வேண்டியிருந்தது. 31 வருஷம் கழித்து அந்த இடத்தில் தாத்தா வந்து உட்கார்ந்தார்.